பழைய அமெரிக்கப் பிக்கப்புக்குப் புது ஒயரிங் ஹார்னஸ் தேர்வு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபது, எழுபதுகளில் வந்த அமெரிக்கப் பிக்கப் ஒன்றைச் செப்பனிட எடுத்தவர்கள் பலருக்கு எஞ்சின், பிரேக், பெயிண்ட் எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிடும். ஒயரிங்கில் வந்துதான் வேலை நிற்கும். வண்டியின் வயர்களையும் கனெக்டர்களையும் சேர்த்துக் கட்டிய தொகுப்புதான் ஹார்னஸ். இந்தப் பக்கத்தில் 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் சி10 வண்டியை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உதிரிப்பாகம் அதிகம் கிடைப்பது அதற்குத்தான், சந்தேகங்கள் அதிகம் வருவதும் அதில்தான். ஃபோர்டு, டாட்ஜ் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் என் கருத்து ஒன்றே: கடையின் பட்டியலைத் திறக்கும் முன் வண்டியைப் படியுங்கள். தவறான ஹார்னஸ் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த வேலையைச் செய்யாமல் விட்டவர்கள்.

முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா? கெட்ட இடத்தில் மட்டும் ஒட்டுப்போட முடியாதா?

சில வண்டிகளில் முடியும். முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஃபியூஸ் பெட்டியின் பின்பக்கம், ஹெட்லைட் கனெக்டர்கள், எக்ஸாஸ்ட்டுக்கு அருகே ஸ்டார்ட்டருக்கு இறங்கும் வயர்கள். வயரை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். மேலுறை வெடித்தால் அந்த வயரின் காலம் முடிந்தது. உறை நன்றாக இருந்தாலும் ஓரிடத்தில் ஒரு அங்குலம் உரித்து உள்ளே பாருங்கள். செம்பு பளிச்சென்று இருந்தால் நல்லது. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் ஈரம் உறைக்குள்ளேயே ஓடியிருக்கிறது என்று அர்த்தம், அதில் எத்தனை புது டெர்மினல் போட்டாலும் பிடிப்பு நிற்காது.

1967–72 செவ்ரோலெட்டில் ஒரு வசதி உண்டு. எஞ்சின் ஹார்னஸும் முன்விளக்கு ஹார்னஸும் ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலான தகடு) ஃபியூஸ் பெட்டியின் மறுபக்கம் வந்து செருகும் தனித்தனித் துண்டுகள். டேஷ்போர்டு உள்ளே எல்லாம் நன்றாக இருந்து, எஞ்சின் அறைப்பக்கம் மட்டும் வெந்து போயிருந்தால் அந்தத் துண்டை மட்டும் வாங்கலாம்.

ஆனால் முந்தைய சொந்தக்காரர்கள் ரேடியோ, அலாரம், டிரெய்லர் விளக்கு என்று டேஷ்போர்டுக்கு அடியில் வெட்டி முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தால் பழுது பார்க்க நினைக்காதீர்கள். அந்த டேப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து வழி கண்டுபிடிக்கும் நேரத்தில் புது ஹார்னஸே போட்டு முடித்துவிடலாம். ஐம்பது ஆண்டுப் பழைய வண்டி தீப்பிடித்தால் அது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒட்டு ஒன்றிலிருந்துதான் தொடங்கும்.

சந்தையில் என்னென்ன வகை கிடைக்கிறது?

மூன்று வகை.

முதலாவது, தொழிற்சாலையில் வந்தது போலவே செய்யப்பட்ட நகல். வயர் நிறம், கனெக்டர், சுற்றிய டேப், எல்லாம் பழையபடி. எம் அண்ட் எச், லெக்ட்ரிக் லிமிடெட் போன்ற நிறுவனங்கள் இந்த வகைக்குப் பேர்பெற்றவை. வண்டி வந்தபடியே இருக்க வேண்டும், கண்காட்சியில் நிறுத்த வேண்டும், கூடுதலாக எதுவும் பொருத்தப் போவதில்லை என்றால் இதைவிடச் சிறந்தது கிடையாது. செருகினால் வேலை முடிந்தது. ஆனால் பழைய வடிவமைப்பின் எல்லைகளும் அப்படியே வரும்: அதே சின்ன ஃபியூஸ் பெட்டி, ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இல்லாத ஹெட்லைட், சிறிய ஆல்டர்னேட்டருக்கு (எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் கருவி) அளவெடுத்த மெயின் வயர்.

இரண்டாவது, குறிப்பிட்ட வண்டிக்கென்றே செய்து, உள்ளே நவீனப்படுத்தியது. நியூ ஜெர்சியில் இருக்கும் அமெரிக்கன் ஆட்டோவயர் நிறுவனம் ‘கிளாசிக் அப்டேட்’ என்ற பெயரில் விற்பது இந்த வகை. டெக்ஸாஸின் பெயின்லெஸ் நிறுவனத்திலும் சி10க்கென்றே செய்தவை உண்டு. ஃபியூஸ் பெட்டி பழைய இடத்திலேயே உட்காரும். இக்னிஷன் ஸ்விட்ச், ஹெட்லைட் ஸ்விட்ச், டிம்மர் (ஹை, லோ பீம் மாற்றும் ஸ்விட்ச்) ஆகியவற்றுக்கான கனெக்டர்கள் தயாராக வரும். பிளேடு ஃபியூஸ், பெரிய ஆல்டர்னேட்டருக்கான வயர், ஏசி, ரேடியோ, மின்விசிறி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். எஞ்சின் அறையிலும் பின்பக்கத்திலும் வயரை நீளமாக விட்டிருப்பார்கள். அளவெடுத்து வெட்டி டெர்மினலை நீங்கள் போட வேண்டும்.

மூன்றாவது, எந்த வண்டிக்கும் பொருந்தும் பொது ஹார்னஸ். ஒரு ஃபியூஸ் பெட்டி, அதிலிருந்து கிளம்பும் நீண்ட வயர்கள். ஒவ்வொரு வயரிலும் அது எங்கே போக வேண்டும் என்று சில அங்குலத்துக்கு ஒருமுறை அச்சிட்டிருக்கும். விலை குறைவு, வேலை அதிகம். இதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்துப் பல அமெரிக்கப் பிக்கப்களில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே இழையில் எரிபவை. பிரேக் ஸ்விட்சிலிருந்து வரும் கரண்ட் முதலில் ஸ்டியரிங் கம்பத்தில் உள்ள இண்டிகேட்டர் ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்துதான் இடது, வலது என்று பிரிந்து பின்னால் போகும். இது தெரியாமல் பிரேக் வயரை நேராகப் பின்விளக்குக்கு இழுத்துவிட்டால், இண்டிகேட்டர் போடும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து மின்னும்.

டேஷ்போர்டும் ஸ்விட்சுகளும் பழையவையாக இருக்கும் வண்டிக்கு என் தேர்வு இரண்டாவது வகை. பொது ஹார்னஸ் கேபினையே மாற்றிக் கட்டிய வண்டிக்கும், தனி ஹார்னஸ் கிடைக்காத அபூர்வ மாடலுக்கும் உரியது.

12 சர்க்யூட், 15 சர்க்யூட், 20 சர்க்யூட் என்று விற்கிறார்களே, எது போதும்?

அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். சர்க்யூட் என்றால் பொதுவாகத் தனி ஃபியூஸ் வழியாகப் போகும் ஒரு மின்வழி. சில விற்பனையாளர்கள் ஃபியூஸ் இல்லாத வயர்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். பவர் விண்டோ, ஏசி, மின்சாரப் பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர் மின்விசிறி ஆகிய நான்கும் இல்லாத வண்டிக்கு 12 சர்க்யூட்டே தாராளம். அவற்றில் இரண்டு மூன்று வரப்போகிறது என்றால் மேலே போங்கள். எதிர்காலத்துக்கு இரண்டு இடம் காலியாக இருப்பது நல்லதுதான். எட்டு காலி இடம் இருந்தால், டேஷ்போர்டுக்கு அடியில் சுருட்டிக் கட்டிவைத்த வயர்தான் மிஞ்சும்.

ஆர்டர் செய்யும் முன் வண்டியில் எதையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்?

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. கையில் நோட்டும் போனில் கேமராவும் இருக்கட்டும்.

ஆண்டிலிருந்து தொடங்குங்கள். 1967ம் 1968ம் ஒரே உடம்பாகத் தெரியும். ஆனால் 1968 ஜனவரி 1 முதல் பக்கவாட்டு விளக்குகளோ ரிஃப்ளெக்டர்களோ வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி வந்தது. 1967 ஃபெண்டரில் அந்த விளக்கு கிடையாது. 1967க்கான முன்விளக்கு ஹார்னஸை 1968க்கு வாங்கினால் அந்த விளக்குகளுக்கு வயரே இருக்காது. அப்புறம் இன்னொன்று: ஆவணத்தில் உள்ள ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். ஃபெண்டர், டேஷ்போர்டு, ஸ்டியரிங் கம்பம் எல்லாம் வேறு ஆண்டு வண்டியிலிருந்து மாறி வந்திருக்கலாம். கண்முன்னே இருக்கும் பாகத்துக்குத்தான் ஹார்னஸ்.

அடுத்து மீட்டர் போர்டு. இதே வண்டி எச்சரிக்கை விளக்குகளுடனும் வந்தது, ஊசி மீட்டர்களுடனும் வந்தது. பின்னால் இருக்கும் பிரிண்டட் சர்க்யூட் தகடும் கனெக்டரில் வயர் இருக்கும் வரிசையும் இரண்டுக்கும் வேறு. விளக்கு வகைக்கான ஹார்னஸில் ஊசி மீட்டரைச் செருகினால் உள்ளே நுழையும், ஆனால் தப்பாகக் காட்டும். எஞ்சினில் உள்ள ஆயில், வெப்பநிலை சென்சார்களும் அதற்கேற்றவையாக இருக்க வேண்டும்.

பின்பெட்டி ஃப்ளீட்சைடா (பக்கம் நேராக இருப்பது) ஸ்டெப்சைடா (சக்கர மட்கார்டு வெளியே துருத்தி இருப்பது) என்று பாருங்கள். விளக்குகள் இருக்கும் இடம் மாறுவதால் பின் ஹார்னஸும் மாறும். நீளம் ஆறரை அடியா எட்டு அடியா என்பதும் முக்கியம். நீளப் பெட்டியை வெட்டிக் குட்டைப் பெட்டியாக்கிய வண்டிகள் நிறைய உண்டு. டேப் எடுத்து அளந்துவிடுங்கள்.

கியர் பெட்டி ஆட்டோமேட்டிக்கா மேனுவலா? ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல் ஸ்விட்ச் (கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது) வயர் வேண்டும், ரிவர்ஸ் விளக்கு ஸ்விட்ச் இருக்கும் இடமும் மாறலாம். ஸ்டியரிங் கம்பம் கம்பெனியுடையதா, சாய்வை மாற்றக்கூடிய பிற்காலத்து டில்ட் கம்பமா? இண்டிகேட்டர் கனெக்டரை ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏசி கம்பெனி ஏசியா, பிறகு வைத்ததா? பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறதா, பின்பெட்டிக்கு அடியில் மாற்றியாயிற்றா? மாற்றியிருந்தால் பெட்ரோல் மீட்டர் வயர் கேபினைத் தாண்டி நீள வேண்டும்.

கடைசியாக, இனி என்ன சேர்க்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு விற்பனையாளரின் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு போன் போட்டால் பத்து நிமிடத்தில் சரியான பாகத்தைச் சொல்லிவிடுவார்கள்.

என் வண்டி 6 வோல்ட். 12 வோல்ட் ஹார்னஸ் வாங்கலாமா?

செவ்ரோலெட் பிக்கப்கள் 1955ல் நடு ஆண்டில் புது உடம்பு வந்தபோது 12 வோல்ட்டுக்கு மாறின. ஃபோர்டு 1956ல் மாறியது. அதற்கு முந்தைய ஃபோர்டுகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த் (வண்டியின் இரும்பு உடம்போடு சேரும் இணைப்பு), அதை மறந்துவிடக் கூடாது.

அதே வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடும், அதனால் தடித்த வயர் தேவை. வண்டியை 6 வோல்ட்டிலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் 12 வோல்ட்டுக்கு அளவெடுத்த ஹார்னஸ் மெலிந்தது. விளக்கு மங்கும், வயர் சூடாகும். 12 வோல்ட்டுக்கு மாற்றத் தீர்மானித்தால் 12 வோல்ட் ஹார்னஸை வாங்கிவிடுங்கள். பல்பு, காயில், ஹீட்டர் மோட்டார், மீட்டர்கள் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். பழைய துணியுறை வயரே தடிமனாக இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். தடிமன் போதும். உறைதான் உதிர்ந்து போயிருக்கும்.

வயரின் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

உறையில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ஜிபிடி என்றால் சாதாரண பிவிசி உறை, 80 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஜிஎக்ஸ்எல், டிஎக்ஸ்எல் என்றால் குறுக்குப்பிணைப்பு பாலிஎத்திலீன், 125 டிகிரி வரை தாங்கும். சால்டரிங் நுனி பட்டாலும் எளிதில் உருகி ஓடாது. டிஎக்ஸ்எல்லின் உறை மெல்லியது, அதனால் கட்டு சிறுக்கும். கேபினுக்குள் ஜிபிடி பரவாயில்லை. எஞ்சின் அறைக்கு ஜிஎக்ஸ்எல் அல்லது டிஎக்ஸ்எல் கேளுங்கள்.

அளவுக்கு வருவோம். அமெரிக்க கேஜ் கணக்கில் எண் கூடினால் வயர் மெலியும். ஆயிரம் அடிக்கு 18 கேஜின் தடை சுமார் 6.4 ஓம், 16 கேஜ் 4 ஓம், 14 கேஜ் 2.5 ஓம், 12 கேஜ் 1.6 ஓம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கிறது, வயர் பேட்டரியிலிருந்து ஸ்விட்ச், டிம்மர் என்று சுற்றி 20 அடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 கேஜில் 1.15 வோல்ட் வழியிலேயே போய்விடும், 14 கேஜில் 0.45 வோல்ட். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மளமளவென்று விழும். 18 கேஜில் அந்த 1.15 வோல்ட் இழப்புக்கே வெளிச்சத்தில் கால்வாசி காணாமல் போகும். எல்லா வயரும் ஒரே தடிமனில் இருக்கும் மலிவு ஹார்னஸைப் பார்த்தால் விலகிவிடுங்கள்.

அப்படியானால் ஹெட்லைட்டுக்கு ரிலே அவசியமா?

அவசியம் என்றே சொல்வேன். பழைய அமைப்பில் முழு கரண்டும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவும் காலால் மிதிக்கும் டிம்மர் வழியாகவும் ஓடுகிறது. ரிலே வைத்தால் ஸ்விட்சுக்குச் சின்ன கரண்ட் போதும், விளக்குக்குப் பேட்டரிப் பக்கத்திலிருந்தே நேராகத் தடித்த வயர் போகும். நகல் ஹார்னஸ் வாங்குபவர்கள்கூட இதைத் தனித் துண்டாகச் சேர்க்கலாம். பழைய ஹெட்லைட் கனெக்டரிலேயே செருகும்படி விற்கிறார்கள், மூல ஹார்னஸை வெட்ட வேண்டாம்.

பெரிய ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

இந்த வண்டிகளில் சாதாரணமாக வந்தது 37 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தனியாக வெளியே இருக்கும். செவ்ரோலெட் பிக்கப்பில் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே வந்தது 1973ல். வெளி ரெகுலேட்டருக்கான ஹார்னஸை வாங்கி உள்ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டரில் மாட்ட, தனி அடாப்டரோ வயர் மாற்றமோ வேண்டும். ஆர்டரிலேயே சொல்லிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

100 ஆம்பியருக்கு மேல் போனால் பழைய சார்ஜ் வயர் தாங்காது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிப் பக்கம் 6 அல்லது 4 கேஜ் வயர் வேண்டும், அதற்குத் தகுந்த பெரிய ஃபியூஸும் வேண்டும். ஃபியூசிபிள் லிங்க் (கரண்ட் மிகுந்தால் முதலில் எரிந்து அறுபடும் வயர்த்துண்டு) வைக்கும் ஹார்னஸ் என்றால், அது காக்கும் வயரைவிட நான்கு கேஜ் எண் மெலிந்திருப்பதுதான் வழக்கமான கணக்கு: 10 கேஜ் வயருக்கு 14 கேஜ் லிங்க். அது எரிந்தால் சாதா வயரை வைத்து இணைத்துவிடாதீர்கள். அந்த வயரில் தீ வராமல் தடுக்கும் துண்டு அதுதான்.

ஆம்மீட்டர் (சார்ஜ் கரண்டைக் காட்டும் மீட்டர்) பற்றியும் யோசியுங்கள். சி10ன் ஆம்மீட்டர் வழியாக முழு கரண்ட் ஓடுவதில்லை. மெயின் வயரின் இரண்டு இடங்களுக்கு நடுவிலான சிறு வோல்டேஜ் வித்தியாசத்தைத்தான் அது காட்டுகிறது. மெயின் வயரைத் தடிமனாக்கினால் அந்த வித்தியாசம் சுருங்கி, ஊசி அசையவே அசையாது. வோல்ட் மீட்டருக்கு மாறிவிடுவது நல்லது. அக்காலத்து டாட்ஜ் பிக்கப்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சார்ஜ் கரண்ட் முழுவதும் ஃபயர்வால் கனெக்டரைத் தாண்டி ஆம்மீட்டருக்குப் போய்த் திரும்பவும் வெளியே வரும். அந்தக் கனெக்டர் உருகிய டாட்ஜ்களைப் பார்க்காத ஆட்டோ எலக்ட்ரீஷியன் அமெரிக்காவில் இருக்க மாட்டார். டாட்ஜுக்கு வாங்கினால் அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கும் ஹார்னஸையே தேடுங்கள்.

ஃபோர்டு எஃப்-100 மீட்டர்களுக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

கண்டிப்பாக. அறுபது, எழுபதுகளின் ஃபோர்டில் பெட்ரோல், வெப்பநிலை மீட்டர்களுக்கு 12 வோல்ட் நேராகப் போகாது. மீட்டர் போர்டின் பின்னால் ஒரு சிறு ரெகுலேட்டர் விட்டுவிட்டு இணைத்து, சராசரியாக 5 வோல்ட் அளவுக்குக் கொடுக்கும். பொது ஹார்னஸின் வயரை நேராக மீட்டரில் மாட்டினால் மீட்டர் எரிந்துவிடும். புது மீட்டர் வாங்கினாலும் டேங்க் சென்சாரோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். 1965 முதல் செவ்ரோலெட் சென்சார் காலிக்கு 0 ஓம், நிறைந்தால் 90 ஓம். ஃபோர்டில் தலைகீழ்: காலிக்கு 73, நிறைந்தால் 10.

எஞ்சினை மாற்றியிருந்தால்?

பழைய எஞ்சினில் எச்.இ.ஐ. (ஜி.எம். நிறுவனத்தின் எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர் போட்டிருந்தால் அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். பாயின்ட் வகைக்கு (எலக்ட்ரானிக் இல்லாத பழைய இக்னிஷன்) வந்த ஹார்னஸில் காயிலுக்குப் போவது வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைக்கும் தடை வயர். அதில் எச்.இ.ஐ.யை மாட்டினால் எஞ்சின் ஓடும், ஆனால் சுமை ஏறும்போது திணறும். நகல் ஹார்னஸ் கேட்கும்போது எச்.இ.ஐ. என்று சொன்னால் மாற்றித் தருவார்கள்.

கம்ப்யூட்டரால் இயங்கும் ஜி.எம்.மின் பிற்காலத்து எல்.எஸ். எஞ்சின் என்றால் எஞ்சினுக்கும் கம்ப்யூட்டருக்கும் தனி ஹார்னஸ், வண்டிக்குத் தனி ஹார்னஸ். இரண்டையும் ஒரே பெட்டியில் எதிர்பார்க்காதீர்கள். வண்டி ஹார்னஸில் பெட்ரோல் பம்புக்கும் மின்விசிறிக்கும் ரிலேயுடன் கூடிய வழி இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எர்த் வயர்கள் ஹார்னஸோடு வருமா?

பெரும்பாலும் வராது, வந்தாலும் போதாது. புது ஹார்னஸ் போட்டும் விளக்கு மங்குகிறது, மீட்டர் ஆடுகிறது என்று புலம்புபவர்களின் வண்டியில் பெரும்பாலும் கோளாறு எர்த்தில்தான் இருக்கும். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு, எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு, எஞ்சினிலிருந்து கேபினுக்கு என மூன்றும் தனித்தனியே வேண்டும். பவுடர் கோட்டிங் செய்த சேஸிஸ் என்றால் போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியச் செய்யுங்கள். பின்பெட்டியின் தளம் மரப்பலகையாக இருந்தால் பின்விளக்கின் எர்த் துருப்பிடித்த போல்ட்டுகளை நம்பி நிற்கும். ஒவ்வொரு பின்விளக்கிலிருந்தும் சேஸிஸுக்குத் தனி எர்த் வயர் இழுத்துவிடுங்கள்.

எல்.இ.டி. விளக்கு போடலாமா?

போடலாம். இண்டிகேட்டர் பிளாஷரை மட்டும் எலக்ட்ரானிக் வகையாக மாற்றுங்கள். பழைய பிளாஷர் பல்பு இழுக்கும் கரண்டில் சூடாகி மின்னுவது, எல்.இ.டி. இழுக்கும் கரண்ட் அதற்குப் போதாது.

டெர்மினலைச் சால்டர் செய்வதா, கிரிம்ப் செய்வதா (கருவியால் நசுக்கிப் பிடிப்பதா)?

கிரிம்ப். நல்ல கருவியால் பிடித்த டெர்மினல் அதிர்வைத் தாங்கும். சால்டர் செய்த வயர், ஈயம் முடியும் இடத்தில் விறைத்து, நாளடைவில் அங்கேயே ஒடியும். இந்தச் செவ்ரோலெட்களில் இருப்பவை பேக்கார்டு 56 வகை டெர்மினல்கள். அவற்றின் இரண்டு இதழ்களையும் உள்ளே மடித்து அழுத்தும் கருவி தனியாகக் கிடைக்கிறது. சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் டெர்மினல்களுக்கான இடுக்கி அதற்கு உதவாது. ஹார்னஸுக்கு ஒதுக்கும் பணத்தில் இந்தக் கருவிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

ஒரே வண்டிக்கு விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். புது ஹெட்லைட் ஸ்விட்ச், டிம்மர், இக்னிஷன் ஸ்விட்ச், பல்பு ஹோல்டர்கள், ஃபயர்வால் ரப்பர், டெர்மினல்கள் ஆகியவை ஒன்றில் சேர்ந்திருக்கும், இன்னொன்றில் இருக்காது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இல்லாதவற்றின் விலையைக் கூட்டிப் பாருங்கள். வழிகாட்டிப் புத்தகத்தை வாங்கும் முன்பே நிறுவனத் தளத்தில் இறக்கிப் படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். படம் தெளிவில்லாத ஹார்னஸை நான் வாங்க மாட்டேன்.

பழைய ஹார்னஸை எப்போது தூக்கிப் போடலாம்?

புதியதில் எல்லா விளக்கும், மீட்டரும், வைப்பரும், ஹாரனும் வேலை செய்த பிறகு. கழற்றும்போதே ஒவ்வொரு முனையிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். புது ஹார்னஸைத் தரையில் அதன் பக்கத்தில் விரித்து, கிளைகள் பிரியும் இடங்களை ஒப்பிடுங்கள். முதல்முறை பேட்டரி இணைக்கும்போது எல்லா ஃபியூஸையும் எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் பல்பை வையுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, கேபிளை நேராக மாட்டக் கூடாது. எரியவில்லை என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு அதே பல்பைப் பாருங்கள். மங்கலான வெளிச்சம் கேபின் விளக்கு, கடிகாரம் போன்றவற்றால் வரலாம். கதவை மூடி, கடிகார ஃபியூஸை எடுத்துவிட்டு மறுபடி பார்த்த பிறகு கேபிளை மாட்டுங்கள். அதற்குப் பிறகும் பழைய கட்டிலிருந்து கிளிப்புகளையும் ஹோல்டர்களையும் கழற்றி எடுத்து வையுங்கள். அவற்றில் சில இன்று புதிதாகக் கிடைப்பதில்லை.